வம்மித்திடலில் வெட்டிய குழிகள்

தக்ஷாயினி கட்டடம் படித்தவள். அமிர்தகழியில் பிறந்து, தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்ளோமா முடித்து, பிரதேச சபை ஒன்றில் மதகுகளுக்கும் சந்தைக் கட்டடங்களுக்கும் மதிப்பீடு போட்டுக்கொண்டிருந்தாள். 2004 மார்கழியில், ஒரு பௌர்ணமிப் போயா நாள் காலையில், அவள் புருஷன் திவாகரன் நாவலடியில் இருந்த தமக்கை வீட்டுக்குச் சைக்கிளில் போனான். அன்றைக்குத்தான் கடல் வந்தது. உடலை எடுத்து அடக்கிய பிறகு அவள் ஒருநாள் அந்த வீட்டைப் பார்க்கப் போனாள். சிமெந்துத் தரை மட்டும் மிஞ்சியிருந்தது. சுவர்கள் நின்ற தடம் தரையில் கோடாகத் தெரிந்தது. அத்திவாரம் மணலுக்குள் ஒரு முழம்கூட இறங்கியிருக்கவில்லை. அழுதுகொண்டு நின்றபோதே அவள் கண் அதைப் பார்த்துவிட்டது. அது அவள் குணம். கண் முந்திக்கொள்ளும், நெஞ்சு ஆறுதலாகத்தான் வந்து சேரும்.

அடுத்த வருஷம் வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று வாகரைப் பக்கத்து மீனவக் கிராமம் ஒன்றுக்குக் கல்வீடுகள் கட்டிக்கொடுக்க முன்வந்தது. அதற்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவள் சபை வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்தாள். தாய் தடுத்துப் பார்த்தாள். வாகரை அப்போது தனிநாட்டுக்குப் போராடிய இயக்கத்தின் பிடியில் இருந்தது. போகிற வழியில் முதலில் அரச படையான ஆமியின் சோதனைச்சாவடி, அதற்கப்பால் ஆளரவமற்ற வெளி, பிறகு இயக்கத்தின் சாவடி. இரண்டு இடத்திலும் இறங்கிப் பையைத் திறந்து காட்ட வேண்டும். சமாதான ஒப்பந்தம் நடப்பில் இருந்ததால் போக முடிந்தது, அவ்வளவுதான்.

ஊர், கடலுக்கும் உப்பங்கழியான களப்புக்கும் இடையில் ஒடுங்கிய மணல்துண்டாகக் கிடந்தது. வீடுகள் இருந்த இடத்தில் தறப்பாள் சீலைக் கூடாரங்கள். கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் இனி யாரும் கட்டக் கூடாது என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. ஆகவே வேறு நிலம் பார்க்க வேண்டும். வீட்டைக் கட்டுவதைவிட, வீட்டுக்கு வெளியில் இருந்து என்னென்ன வந்து அதைத் தொடும் என்று முன்கூட்டிப் பார்ப்பதுதான் கஷ்டம் என்று கல்லூரியில் படிப்பித்திருந்தார்கள். தண்ணீர், காற்று, மண், பாதை, சட்டம், சனம். அவள் அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள்.

அவளுக்கு நிலம் காட்டியவர் இளையதம்பி. ஊர் மீனவர் சங்கத்தின் தலைவர், களப்பில் தோணி விட்டு இறால் பிடிக்கிறவர், அதிகம் பேசாத மனிதர். முதலில் வட்டை ஓரம் கூட்டிப்போனார். வயல் நிலத்தை ஒட்டிய தாழ்ந்த தரை அது. அங்கே பனைகளின் அடியில் இடுப்பளவு உயரத்துக்குச் சேற்றுக் கறை ஏறியிருந்தது. மாரிக்கு வெள்ளம் நிற்கும் என்று கேட்காமலே விளங்கியது. பிறகு களப்பைச் சுற்றிக்கொண்டு காட்டுப் பக்கம் ஒரு மேட்டுக்குப் போனார்கள். பழைய வம்மி மரங்கள் நின்றதால் அதற்கு வம்மித்திடல் என்று பெயர். மணல் மண், ஆனால் தோண்டினால் நல்ல தண்ணீர். வெள்ளம் ஏறாது. உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பாதை, இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. யானை எப்போதாவது வரும், சத்தம் போட்டால் போய்விடும் என்றார் இளையதம்பி. தக்ஷாயினிக்கு அந்த இடம் மிகவும் பிடித்துப்போனது.

ஊர்க் கூட்டத்தில் எல்லோரும் சம்மதித்தார்கள். இளையதம்பியின் மனைவி சீதேவி மட்டும் கையை உயர்த்தினாள். அவளுடைய இரண்டு ஆண்பிள்ளைகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. மிஞ்சியவள் சுலோஜனா, பன்னிரண்டு வயதுப் பெண், தாயின் சேலையைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தாள்.

"கடல் அங்க வராது மிஸ், அது சரி," என்றாள் சீதேவி. "மற்றது வந்தா?"

சிலர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்கள். பின்வரிசையில் இயக்கப் பொறுப்பாளர் ஒருவர் வந்து அமர்ந்திருந்தார். சமாதானம் இருக்கிறதுதானே அக்கா என்று தக்ஷாயினி பதில் சொன்னாள். சொல்லி முடித்த பிறகு, மனப்பாடம் ஒப்புவித்த பிள்ளையின் குரல் போல அது தன் காதிலேயே விழுந்தது.

மட்டக்களப்பு அலுவலகத்தில் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் உதயரூபன். நல்லவர், பயந்தவர், இரண்டும்தான். மழை, வெள்ளம், யானை, அறுவடைக் காலத்தில் கூலியாள் கிடைக்காமை, சிமெந்து லொறி இரண்டு சாவடிகளைக் கடந்து வருவது என்று எல்லாவற்றையும் அவளுடைய அறிக்கையில் ஏற்றுக்கொண்டார். யுத்தம் திரும்பலாம் என்று அவள் விரிவாக எழுதியிருந்த இடத்தில்தான் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"சண்டை வருமெண்டு எழுதினா வீடு வராது, தக்ஷாயினி. எழுதாட்டி வீடு வரும். மிச்சத்த நீங்களே சொல்லுங்க."

தறப்பாளுக்குள் வெயிலில் வெந்து கொப்புளம் போட்டுக் கிடந்த பிள்ளைகளை அவள் அந்த வாரம்தான் பார்த்துவிட்டு வந்திருந்தாள். எழுதிய பக்கத்தை எடுத்துவிட்டு, பாதுகாப்பு நிலைமை மாறக்கூடும் என்று ஒரு வரி வைத்தாள். அந்த ஒரு வரியோடு திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

அனுமதிகள் கிடைத்து வேலை தொடங்க 2006 பிறந்துவிட்டது. அத்திவாரம் போட்டு, சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோதே நாடு குழம்பத் தொடங்கியது. அங்கே கண்ணிவெடி, இங்கே சூடு என்று தினமும் ஒரு செய்தி. சிமெந்துக்கு அனுமதி எடுப்பது வரவரக் கடினமானது. பையில் இருக்கும் சிமெந்து பங்கர் கட்டப் போகும் என்பது ஆமியின் சந்தேகம். ஒவ்வொரு லொறிக்கும் தக்ஷாயினியே சாவடிக்குப் போய் நின்று, வீட்டுப் படத்தைக் காட்டி, எத்தனை பை எந்தச் சுவருக்கு என்று விளக்க வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் சீதேவி, கட்டிக்கொண்டிருந்த தன் வீட்டின் பின்பக்கம் அவளைக் கூட்டிப்போனாள். மலசலகூடத்துக்குக் குழி வெட்டக் கயிறு கட்டிய இடத்தைக் காட்டினாள். குழியை இன்னும் ஆழமாக, அகலமாக வெட்டித் தரலாமா, மேலே போடுகிற கொங்கிறீற் பிளேட்டைத் தடிப்பாகப் போடலாமா என்று கேட்டாள். தக்ஷாயினி வழக்கம்போல் விளக்கம் சொன்னாள். குழி ஆழமாகப் போனால் நிலத்தடி நீரோடு கலக்கும், கிணறு பழுதாகும், பிள்ளைகளுக்கு வயிற்று வருத்தம் வரும்.

சீதேவி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "மலசலகூடம் இல்லாம நாங்க எவ்வளவு காலம் இரிந்திட்டம் மிஸ். அதுக்கெண்டு நான் கேக்கல்ல."

அப்போதுதான் தக்ஷாயினிக்கு விளங்கியது. ஷெல் விழுந்தால் இறங்கி ஒளிக்க ஒரு குழி. அதற்குப் பெயர் பங்கர். அதைக் கட்டிக்கொடுக்க எந்த உதவி நிறுவனத்துக்கும் அனுமதி இல்லை.

அவள் உதயரூபனிடம் போய் நேராகவே சொன்னாள். அவர் எழும்பிக் கதவைச் சாத்தினார். பங்கர் கட்டினோம் என்று ஒரு கதை வெளியில் போனால் நிறுவனத்தையே மாவட்டத்தை விட்டு அனுப்பிவிடுவார்கள், மற்ற ஊர்களின் வீடுகளும் நின்றுபோகும் என்றார். பிறகு, குழியின் ஆழத்தை மண்ணைப் பார்த்துத் தீர்மானிக்கிறது களத்தில் நிற்கிற உத்தியோகத்தர்தானே, அதில் தான் தலையிடுவதில்லை என்றார். ஓம் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. பாரம் முழுவதும் அவள் தலையில் வந்து குந்தியது.

எல்லா வீட்டுக்கும் குழியை ஆழமாகவே வெட்டுவதென்று அவள் தீர்மானித்தாள். ஆனால் மண் அவளை விடவில்லை. திடல் மணல் மண். வெயில் காலத்தில் வெட்டிய குழி நிற்கும், மாரி மழை ஊறினால் பக்கம் சரிந்து விழும். கிணற்றுக்கு இறக்குவதுபோலக் கொங்கிறீற் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினால்தான் தாங்கும். ஓட்டமாவடியில் கட்டடச் சாமான் கடை வைத்திருந்த ஆதம்பாவா தன் வளவிலேயே வளையம் வார்க்கிறவர். அவளுடைய சிமெந்து, தகடு, கம்பி எல்லாம் அவர் கடையில் இருந்துதான் போயின. மலசலகூடக் குழிக்கு இவ்வளவு வளையம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அவளை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டு அன்றைக்கே அச்சுகளை எடுக்கச் சொன்னார்.

"றோட்ட எப்ப பூட்டுவாங்க எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் மகள்," என்றார். "காயக் காய ஏத்துங்க. முழுசாச் சேரட்டுமெண்டு பாத்துக்கொண்டு இரிக்காதீங்க."

அப்படியே ஏற்றினார்கள். முதல் லொறி போய்ச் சேர்ந்தது. இரண்டாவதும் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது லொறி சாவடியில் மறிக்கப்பட்டது. வெயிலில் பகல் முழுக்க நின்று, படத்தைக் காட்டிக் கெஞ்சியும் ஒன்றும் நடக்கவில்லை. லொறி வளையங்களோடு ஓட்டமாவடிக்குத் திரும்பியது. அந்த வாரமே மூதூர்ப் பக்கம் சண்டை மூண்டது. பாதை பூட்டப்பட்டது.

அதற்கு முன் கடைசியாக அவள் திடலுக்குப் போன நாளில், சனம் தறப்பாளோடு அங்கேயே குடிவந்திருந்தது, பெரும்பாலான குழிகளுக்கு வளையம் இறக்கியாகிவிட்டது. நாலைந்து குழிகள் வெறுமனே நின்றன. அதில் ஒன்று இளையதம்பியுடையது. சங்கத் தலைவர் தன் வீட்டுக்கு முதலில் எடுத்தார் என்ற கதை வரக் கூடாது என்று அவர் தன் பங்கைக் கடைசிக்குத் தள்ளியிருந்தார். தக்ஷாயினி அந்தக் குழிக்குள் இறங்கி, பக்க மண்ணைக் கையால் சுரண்டிப் பார்த்தாள். மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. தென்னங்குற்றிகளை நட்டு முட்டுக் கொடுக்கச் சொன்னாள். மழை தொடங்கினால் இந்தக் குழிக்குள் மட்டும் இறங்க வேண்டாம், வளையம் இருக்கிற அயலவர் குழிக்குப் போங்கள் என்று இரண்டு மூன்று தரம் சொன்னாள். இளையதம்பி தலையாட்டினார். "வெள்ளன வெளிக்கிடு புள்ள, சாவடி பூட்டிப்போடுவான்," என்றார். அதுதான் அவர் அவளோடு பேசிய கடைசிப் பேச்சு.

பிறகு மாதக்கணக்காக வாகரைக்கு யாராலும் போக முடியவில்லை. வடக்கே இருந்து ஓடிவந்த சனமும் அங்கேதான் அடைபட்டது. சாப்பாட்டு லொறிகள்கூட எப்போதாவதுதான் விடப்பட்டன. அலுவலகத்தில் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகக் கடிதம் வந்தது. காரணம், வெளிக் காரணிகள் என்றிருந்தது. தக்ஷாயினி மட்டக்களப்பில் வேறு கிராமத்துப் பாடசாலை ஒன்றின் கூரையைத் திருத்திக்கொண்டு காலத்தைக் கழித்தாள். கார்த்திகையில் மழை இறங்கியது. அந்த வருஷம் மழை கனத்த மழை. அமிர்தகழியில் வீட்டு முற்றத்தில் தண்ணீர் நிற்கிறதைப் பார்த்தாலே அவளுக்குச் சோறு இறங்காது. கூரை இல்லாத அந்த வீடுகளையோ சனத்தின் பசியையோ அவள் அவ்வளவாக நினைக்கவில்லை. நாலைந்து குழிகளின் பக்க மண்தான் கண்ணுக்குள் நின்றது.

தை மாதம் சனம் காட்டு வழியாக வெளியேறி வந்தது. களப்பை நீந்தியும், சேற்றில் நடந்தும், கிழவர்களைத் தோளில் தூக்கியும் வந்தார்கள். வாழைச்சேனைப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் அவர்களை வைத்தார்கள் என்று கேட்டதும் தக்ஷாயினி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். வகுப்பறை வகுப்பறையாகத் தேடினாள். வம்மித்திடல் ஆட்களில் பலர் அவளைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்தார்கள். திடலுக்குப் பின்னால் காட்டுக்குள் இயக்கம் பீரங்கி கொண்டுவந்து வைத்ததாம். அதைத் தேடி வந்த ஷெல்கள் திடலில் விழுந்தனவாம். குழி இருந்ததால் தப்பினோம் மிஸ் என்று ஒரு பெண் அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தக்ஷாயினி அந்தக் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். அவள் கண்கள் இளையதம்பியைத் தேடிக்கொண்டிருந்தன.

சீதேவி ஒரு வகுப்பறையின் மூலையில், சுவரில் சாய்ந்து இருந்தாள். சுலோஜனா அவள் மடியில் படுத்திருந்தாள். பெண்ணுக்கு இடது கை மணிக்கட்டோடு கட்டுப் போட்டிருந்தது. நடந்ததைச் சீதேவி ஏறாமல் இறங்காமல் ஒரே குரலில் சொன்னாள். கன மழை நாள். அயலவர் குழியில் ஏற்கனவே ஆட்கள் நெருக்கி நின்றார்கள். முதலில் அங்கே போவதாகத்தான் இருந்தது. ஷெல் வேலிக்கு அப்பால் விழத் தொடங்கியதும் போக நேரமில்லாமல் போயிற்று. மூவரும் தங்கள் குழிக்குள்ளேயே இறங்கினார்கள். பக்கத்தில் விழுந்த ஒரு ஷெல்லின் அதிர்வில் ஒரு பக்க மண் தென்னங்குற்றியோடு சரிந்து, மகளின் இடது கையை நசுக்கியது. இளையதம்பி முதலில் சீதேவியை மேலே ஏற்றிவிட்டு, மகளைத் தலைக்குமேல் தூக்கித் தாயிடம் கொடுத்தார். அடுத்து மறு பக்கமும் சரிந்தது. தோண்டி எடுக்க ஒருவராலும் நிற்க முடியவில்லை. அடுத்த நாள் பார்த்தபோது குழி இருந்த இடம் தட்டையாகக் கிடந்தது. அதற்கு மேலே மண்ணைக் கூட்டிவிட்டு, ஒரு தடியை நட்டுவிட்டு வந்தார்கள்.

"மழைக்கு இறங்க வேணாமெண்டு நீங்க சொன்னது அவருக்கு நினைவிரிந்த மிஸ்," என்றாள் சீதேவி. "ஷெல்லும் விழுகுது, மழையும் பெய்யுது. எதப் பாக்கிற?"

"அந்தக் குழிய வெட்ட நான் விட்டிருக்கப்படாது அக்கா."

சீதேவி மகளின் கட்டுப் போட்ட கையைத் தன் மடியில் சரியாக எடுத்து வைத்தாள். "மற்றக் குழியளுக்குள்ள இரிந்த சனம் உசிரோட வந்திரிக்கி. என்ட மனுசன் வரல்ல. இந்த ரெண்டையும் சேத்து ஒரு கத சொல்ல எனக்குத் தெரியா. நீங்களும் சொல்லாதீங்க."

தக்ஷாயினி அன்றைக்கு மாலைவரை நின்று, அந்த முகாமுக்குக் கழிப்பறைக் குழி எங்கே வெட்டலாம் என்று பார்த்துக் கயிறு கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினாள். குழிக்கு அடையாளம் வைக்குமுன் அந்த மண்ணையும் கையால் சுரண்டிப் பார்த்திருந்தாள்.

சில மாதங்களில் சனத்தை மீளக் குடியேற்றத் தொடங்கினார்கள். என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கத் தக்ஷாயினி போனாள். வம்மித்திடலுக்கு ஏற விடவில்லை. முட்கம்பி சுற்றி, மணல்மூடைகள் அடுக்கி, ஆமி அங்கே காவலரண் போட்டிருந்தது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பாதை, இரண்டும் தெரிகிற மேடு. அவள் தேடிய அதே காரணத்துக்காக அவர்களும் அதைத் தேடியிருக்கிறார்கள். பாதையில் நின்று அவள் மேலே பார்த்தாள். கூரை ஏறாத சுவர்கள் சில தெரிந்தன. பீரங்கியும் காவலரணும் எந்த மண்ணுக்கு ஆசைப்படும் என்பது அவள் படித்த எந்தப் பாடத்திலும் வந்ததில்லை. சீதேவி மட்டும் முதற் கூட்டத்திலேயே அதைக் கேட்டிருந்தாள்.

ஊருக்குக் கொடுத்த மாற்று நிலம் வட்டை ஓரம். சேற்றுக் கறை ஏறிய பனைகள் நின்ற அதே இடம். தக்ஷாயினி எதிர்த்துப் பேசிப் பார்த்தாள். வேறு நிலம் இல்லை என்றார்கள். அங்கேயே அத்திவாரத்தை உயர்த்தி, வீட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டிக் கட்டினாள். 2009 வைகாசியில் வடக்கே யுத்தம் முடிந்ததாக வானொலி சொன்ன நாளில் அவள் அங்கே ஒரு சுவரின் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள். காவலரணில் வெடி கொளுத்தும் சத்தம் கேட்டது. மேசன்மார் கரண்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு சாந்து இறுகிவிடும் என்று ஒருவர் நினைவூட்ட, எல்லோரும் திரும்ப வேலையில் இறங்கினார்கள்.

அதற்குப் பிறகுதான் சீதேவி தன் கோரிக்கையைச் சொன்னாள். திடலில் கிடக்கிற புருஷனை எடுத்து ஊர்ச் சுடலையில் அடக்க வேண்டும். தக்ஷாயினி பிரதேச செயலகத்துக்கும் ஆமி முகாமுக்குமாக அலைந்தாள். மலசலகூடக் குழிக்குள் ஆள் எப்படிப் போனான் என்று ஓர் ஆமி அதிகாரி கேட்டார். அது பங்கராகப் பாவிக்கப்பட்டது, அதற்குத் தோதாக வெட்டச் சொன்னவள் நான்தான் என்று அவள் சொன்னாள். உதயரூபன் அப்போது நாட்டில் இல்லை, நிறுவனமும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. அவளை என்னவும் செய்திருக்கலாம். ஆனால் அந்த அதிகாரி ஒரு காலைப்பொழுது அனுமதி கொடுத்தார்.

நாலைந்து ஆண்கள் தோண்டினார்கள். நட்ட தடி எப்போதோ போய்விட்டது. சுவரின் மூலையில் இருந்து அளந்து இடத்தைக் காட்டியவள் தக்ஷாயினிதான். காவலுக்கு நின்ற சிப்பாய் ஒருவன் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். முதலில் தென்னங்குற்றிகள் வந்தன, பிறகு அவர் உடுத்திருந்த சாரத்தின் துண்டு, பிறகு எலும்புகள். சீதேவி குழி விளிம்பில் இருந்து ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி வெள்ளைத் துணியில் வைத்தாள். சுலோஜனா முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். தக்ஷாயினியின் கண் வழக்கம்போல் முந்திக்கொண்டது. மண் எந்த மட்டத்தில் வெட்டுப்பட்டுச் சரிந்திருக்கிறது, எத்தனை வளையம் இருந்தால் தாங்கியிருக்கும் என்று அது கணக்குப் பார்த்தது. சுடலையில் மண் போடும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. திவாகரனுக்காகவும் சேர்த்து அழுதாள் என்று ஊர்ப் பெண்கள் பிறகு பேசிக்கொண்டார்கள்.

இப்போது அவள் திரும்பவும் பிரதேச சபை உத்தியோகத்தில் இருக்கிறாள். நிலம் பார்க்கப் போகிற இடத்தில் அளவுநாடாவை எடுக்குமுன் ஊராரைக் கூப்பிட்டு, ஓட வேண்டி வந்தால் எந்தப் பக்கமாக ஓடுவீர்கள் என்று கேட்பாள். சண்டைதான் முடிந்துவிட்டதே மிஸ் என்று இளையவர்கள் சிரிப்பார்கள். பெண்கள் சிரிப்பதில்லை. உடனே கையை நீட்டித் திசையைக் காட்டிவிடுவார்கள்.

அடக்கம் முடிந்த அன்று சீதேவி அவளைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை. வட்டை ஓரத்துப் புது வீட்டில் சோறும் மரக்கறியும் போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவியபோது, அடுப்படிப் பக்கம் கூரை ஒழுகுது மிஸ், மாரிக்கு முன்னம் பாக்கவேணும் என்றாள். தக்ஷாயினி ஏணி கேட்டு வாங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேலே ஏறினாள். தகட்டில் ஆணி அடித்த இடம் விரிந்திருந்தது. சுத்தியலை எடுத்துத் தரும்படி கீழே கையை நீட்டினாள். சுலோஜனா நல்ல கையால் அதை எடுத்துக் கொடுத்தாள்.